மொரப்பூர்–ஓசூர் குறுகிய இருப்புப்பாதையின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

கொங்கு நாட்டின் வடபகுதியில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டு ஒரு குறுகிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது, 1913-இல் அது பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது, 1941-இல் மூடப்பட்டது. தண்டவாளமும் வண்டியும் போய்விட்ட இத்தகைய பாதையின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் பழைய புகைப்படத்தைத் தேடுவதில் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். நிலப் பதிவேட்டிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. இரும்பைப் பெயர்த்தெடுத்துச் செல்லலாம். அதற்காகக் கையகப்படுத்திய நிலத்தின் வடிவத்தை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது.

அதற்கு முன் பாதையின் அகலத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மொரப்பூர் வழியாகச் செல்லும் முதன்மைப் பாதை ஐந்தடி ஆறங்குல அகலமுடையது. தருமபுரிப் பாதையோ இரண்டடி ஆறங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். நம் பகுதியில் அகலம் குறைந்த பாதை எல்லாவற்றையும் ‘நேரோ கேஜ்’ என்று சொல்லிவிடும் வழக்கம் இருப்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் ஏறிய நீலகிரி மலை ரயிலும், 1915-இல் வந்த போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதையும்கூடச் சில கட்டுரைகளில் அப்படியே குறிக்கப்படுகின்றன. அவை இரண்டும் மீட்டர் கேஜாக, அதாவது ஒரு மீட்டர் அகலத்தில் அமைக்கப்பட்டவை. அகலம் தவறாகிவிட்டால் எஞ்சின், பெட்டி, நிலைய அமைப்பு என்று பின்னால் எழுதுவன யாவும் தவறாகும். மேலும், இரு அகலங்கள் சந்தித்த மொரப்பூரில் சரக்கு ஒவ்வொன்றையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது என்பதை மறந்தால், இப்பாதையின் வரவு செலவுக் கணக்கு ஒருபோதும் புரியாது.

இப்போது நிலத்துக்கு வருவோம். முதன்மைப் பாதைக்கும் தருமபுரிக்கும் இடையே உள்ள வருவாய்க் கிராமங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் கிராம வரைபடத்தையும் வரிசையாக ஒட்டிப் பாருங்கள். குறுகலாக, நீளமாக, பல சர்வே எண்களை வெட்டிக்கொண்டு ஓடும் ஒரு பட்டை தென்பட்டால், அதற்குரிய அ-பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரத்தையும் தரும் கிராம நிலக் கணக்கில்) வகைப்பாடு என்னவென்று பார்க்க வேண்டும். ‘இரயில்வே புறம்போக்கு’ என்று நேரடியாக இருக்கலாம். சாலை என்றோ தரிசு என்றோ பின்னாளில் மாறியும் இருக்கலாம். இன்று இணையத்தில் கிடைக்கும் புலப்படமும் அ-பதிவேடும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் யு.டி.ஆர். பணிக்குப் பிந்தைய நிலையைக் காட்டுபவை என்பதால், அவற்றோடு நின்றுவிடாமல் தாலுகா அலுவலகத்தில் அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர். எனப்படும் நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பழைய உட்பிரிவு எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தித் தருவதில் சர்வேயரின் உதவி கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் வெளியான அறிவிப்புகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் கிராமம், நிலத்தின் அளவு ஆகியவற்றோடு அச்சாகியிருப்பதால், பதிவேட்டில் கண்ட பட்டையை அவற்றோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம்.

இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்களும் தேவை. மொரப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி மூன்றும் 57 எல் தொகுதியிலும், ஓசூர் 57 எச் தொகுதியிலும் வரும். 1913-க்கும் 1941-க்கும் இடையே அளவை செய்யப்பட்ட பதிப்பையே கேட்டு வாங்க வேண்டும். மறுபதிப்பின் ஆண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது.

எழுத்து ஆவணங்களைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது ‘தருமபுரி மாவட்டம்’ என்ற தலைப்பில் எதுவும் கிடைக்காது. அம்மாவட்டம் 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது; ஆகவே சேலம் மாவட்டத்தின்கீழ் பொதுப்பணித் துறையின் இரயில்வே ஆணைகளைக் கேளுங்கள். 1905-இல் திறக்கப்பட்ட உடன்பிறப்பான திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதையையும் சேர்த்து ஆராய்வோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: திருப்பத்தூர் தாலுகா 1911-இல் வட ஆர்க்காட்டுக்கு மாறியதால், அந்த ஆண்டுக்குப் பின் காகிதங்கள் இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கும். பாதையை நடத்திய நிறுவனமும் மாறியது. தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே. 1908 முதல் தென்னிந்திய ரயில்வே. ஆண்டறிக்கைகளையும் அதற்கேற்பத் தேட வேண்டும்.

அங்கே முதலில் படிக்க வேண்டியது, பாதையை ஏன் போட்டார்கள் என்பதற்கான கோப்பு. 1876–78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பின், 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையம் வறண்ட பகுதிகளுக்குத் தானியம் கொண்டுசேர்க்க இருப்புப்பாதைகளை வலியுறுத்தியது. அந்த நோக்கில், பஞ்சக் காப்புப் பாதையாக எழுந்தது இது. எனவே இலாபம் ஈட்டவில்லை என்பதை மட்டும் வைத்து இதைத் தோல்வி என்று எழுதுவது நியாயமாகாது. கணக்கு அட்டவணைகளை எடுத்தெழுதும்போது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதையும், பன்னிரண்டு பை ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதையும், சரக்கு மணங்குக் கணக்கில் (ஏறத்தாழ 37.3 கிலோ) இருப்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூடப்பட்டதற்கான காரணத்தில் அவசர முடிவு வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு தேவைப்பட்டது என்று ஒரு சாராரும், நட்டம் என்று மற்றொரு சாராரும் சொல்வார்கள். 1930-களில் பேருந்துப் போட்டியால் கிளைப்பாதைகளின் வருவாய் சரிந்தது இந்தியா முழுவதும் பேசப்பட்ட செய்தி. 1932–33-இல் அரசு அதிகாரிகளான மிட்செல், கர்க்னஸ் இருவரும் அதற்கென்றே அறிக்கை அளித்தனர். நட்டத்தில் ஓடிய பாதைதான் போர் வந்தபோது முதலில் பெயர்க்கத் தகுந்ததாகத் தெரியும் என்பதால், இரு காரணங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

பெரியவர்களிடம் கேட்பதை இந்த ஏட்டு வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஊர் நினைவு இடத்தைச் சரியாகச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. கையில் வரைபடத்தோடு சென்று, ‘இந்தக் கல்பாலம் எதற்குக் கட்டியதுங்க?’ என்று கேட்டால் கிடைக்கும் விடை, ‘அந்தக் காலத்து ரயிலைப் பற்றிச் சொல்லுங்க’ என்பதற்குக் கிடைப்பதைவிடப் பயனுள்ளது.

தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே பின்னாளில் வந்த சேலம்–பெங்களூர்ப் பாதையும் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியே செல்வதால், அங்குக் காணும் மண்கரை ஒவ்வொன்றையும் பழையதென்று கொள்ளலாகாது. மொரப்பூர்–தருமபுரிப் பகுதியில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அங்கே 36 கிலோமீட்டர் புதிய அகலப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டது. வேலை நடக்கும் இடங்களில் கரையும் சிறுபாலமும் இடிபடக்கூடும். ஆகையால் பதிவேட்டில் தடம் தெரிந்தவுடன் அந்தப் பகுதிக்குச் சென்று, எஞ்சியவற்றை அளந்து, இருப்பிடக் குறிப்புடன் படமெடுத்துக்கொண்டு, அதன் பிறகு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள்.