சுவர் எழும்பியது, முடிவுத் திகதி அசையவில்லை

நிலாவெளியில் ஒரு விடுதிக்கு மேல்மாடி வேலை. ஒக்டோபரில் மழை பிடிக்க முன் கூரை போட்டாக வேண்டும். அட்டவணையோ பிந்திக்கொண்டே போனது.

மேசன்மாருக்கு ஓவர்டைம் கொடுத்தோம். சுவர் மளமளவென்று எழும்பியது, முடிவுத் திகதி அப்படியே நின்றது. கையாட்களைக் கூட்டினோம், சாரத்தில் ஆளுக்காள் இடிபட்டதுதான் மிச்சம்.

சரி என்று, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் கோடு போட்டுப் பார்த்தேன். கிரிட்டிக்கல் பாத், அதாவது முடிவுத் திகதியைத் தீர்மானிக்கும் ஆக நீண்ட வேலைத் தொடர், சுவரில் இல்லை. திருகோணமலை டவுனில், ஓடாவியின் பட்டறையில், இன்னும் அறுக்காத கூரை மரத்தில் இருந்தது! சுவர் ஓவர்டைமை நிறுத்தி, அந்தக் காசில் ஓடாவிக்கு இன்னொரு ஆள் போட்டோம். அன்றைக்கே திகதி முன்னால் வந்தது.

பலர் கவனிக்காத இடம் இதற்குப் பிறகுதான். மர வேலையை ஆறு நாள் சுருக்க முடியும். ஆனால் நாலு நாள் சுருக்கியதுமே மர வேலைத் தொடரும் சுவர் வேலைத் தொடரும் ஒரே நீளமாகிவிடும். ஐந்தாவது நாள் வேண்டுமென்றால் இரண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை, ஒரு நாள் முந்தினால் மிச்சமாகும் சார வாடகை, காவலாளி சம்பளத்தோடு ஒப்பிட்டேன். கட்டுப்படியாகவில்லை. நாலோடு நிறுத்தினோம், மழைக்கு முன் தகரம் ஏறிவிட்டது.