அம்மாவுக்கு ஓ குரூப், பாப்பாவுக்கு வேற குரூப்பா? மஞ்சள் காமாலையை இப்படி கவனிங்க

அம்மா ஓ பாசிட்டிவ், பாப்பா ஏ இல்ல பி குரூப்னா அம்மா ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) சில சமயம் பாப்பாவோட சிவப்பணுவ உடைக்கலாம், அதுல பிலிரூபின்ங்கற மஞ்சள் நிறமி ஏறி உடம்பு மஞ்சளாகும், முதல் குழந்தைக்கே வரலாம். அம்மா நெகட்டிவ், பாப்பா பாசிட்டிவ்னா இன்னும் தீவிரமா போகலாம், அதுக்குத்தான் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போடுவாங்க, அத கேட்டு வாங்கிக்கோங்க, அடுத்த பிள்ளைக்குத்தான் அந்த பாதுகாப்பு.

பகல் வெளிச்சத்துல பாப்பாவோட நெத்தி, நெஞ்ச விரலால லேசா அழுத்தி எடுத்துப் பாருங்க. கருப்பா இருக்குற குழந்தைக்கு கண்ணு வெள்ளையும் ஈறும் பாக்கணும். பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சா அது சாதாரண மஞ்சள் இல்ல, உடனே டாக்டர்கிட்ட சொல்லி பிலிரூபின் டெஸ்டும், சிவப்பணுவுல ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பாக்குற கூம்ப்ஸ் டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்க.

காலை வெயில்ல காட்டுனா போயிரும்னு பாட்டிமார் சொல்வாங்க, பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா இதுக்கு அது பத்தாதுங்க, நீல லைட்டுல வைக்கணும், ரொம்ப ஏறிட்டா ரத்தத்தையே மாத்துவாங்க. சர்க்கரைத் தண்ணி வேண்டாம், தாய்ப்பால் ஒரு நாளைக்கு 8லருந்து 12 தடவை குடுங்க.

பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தா, கீச்சுனு அழுதா, உடம்ப வில்லா வளைச்சா ராத்திரின்னு பாக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, பிலிரூபின் மூளையைத் தொட்டுட்டா பாதிப்பு நிரந்தரமாயிரும்.