சர்வே லிங்க்கைக் குழுவில் போடும் முன்

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி மெய்ப்புப் பார்க்கிற ஒரு தன்னார்வலர் குழுவில் இருக்கிறேன். அவ்வப்போது யாராவது ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து, "ரெண்டு நிமிஷம்தான், எல்லாரும் நிரப்பிடுங்க" என்று லிங்க் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், தவறாகவும் செய்திருக்கிறேன். சம்பளமில்லாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பக்கம் திருத்துகிறவரிடம் பதில் வாங்கி அதை வீணாக்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரிய தவறு, லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுவது. தினமும் அங்கே பேசுகிறவர்கள்தான் நிரப்புவார்கள். ஆறு மாதமாக ஆளையே காணாதவர் ஏன் போனார் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது, அவரோ அந்த லிங்க்கைப் பார்க்கவே மாட்டார். விக்கிப்பீடியாவுக்கே இது நடந்திருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் வந்து நிரப்பிய 2008 சர்வேயில், பங்களிப்பவர்களில் பெண்கள் 13 சதவீதத்துக்கும் குறைவு என்று வந்தது, பல வருடம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2013இல் பெஞ்சமின் மாக்கோ ஹில், ஆரன் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து எடுத்த ஓர் அமெரிக்க சர்வேயோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்தியபோது 12.7 சதவீதம் 16.1 ஆனது. அமெரிக்காவை மட்டும் எடுத்தால் 17.8 சதவீதம் 22.7 ஆனது. பெண்கள் இருந்திருக்கிறார்கள், ஃபார்மைத்தான் அவ்வளவாக நிரப்பவில்லை.

அதனால் விலகிப் போன சிலருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். ஒருவர் எழுதினார்: "நான் பார்த்து முடிச்ச பக்கத்தை ஒருத்தர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாம முழுசா மாத்திட்டார், அப்புறம் வர மனசு வரலை." என் ஃபார்மில் இதற்கு இடமே இல்லை. நேரமில்லை, ஆர்வமில்லை, கணினி வசதியில்லை என்று மூன்றுதான் கொடுத்திருந்தேன், "வேறு காரணம்" என்று ஒரு கட்டம்கூட வைக்கவில்லை.

அடுத்தது, பெயர் கேட்கவில்லை, ஆகவே ரகசியம்தான் என்ற நினைப்பு. நாற்பது பேர் உள்ள குழுவில் "தென்காசி, பெண், 50 வயதுக்கு மேல்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். பதில்கள் சேரும் அட்டவணையின் அதே வரிசையில் அவர் அட்மினைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாவட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யப் போவதில்லை என்றால் மாவட்டம் எதற்கு? கூகுள் ஃபார்மில் முடிவுகளின் சுருக்கத்தை நிரப்பியவர்களுக்குக் காட்டும் வசதி ஒன்று உண்டு, அதை ஆன் செய்தால் வட்டப்படங்களோடு மக்கள் மனம்விட்டு எழுதிய வரிகளும் எல்லோர் கண்ணிலும் படும். ஒருவருக்கு ஒரு பதில்தான் என்று வைத்தாலோ கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். நீங்கள் மின்னஞ்சலைச் சேகரிக்காவிட்டாலும் பெயர் தெரிந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே மூடிவிடுவார்கள். மின்னஞ்சல் பதிவாகாது என்று ஃபார்மின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்விகளைப் பற்றிச் சுருக்கமாக: "வழிகாட்டியும் மென்பொருளும் எளிதாக உள்ளனவா?" என்பது இரண்டு கேள்வி, பிரித்துக் கேளுங்கள். "புதிய விதி உங்களுக்கு எப்படி உதவியது?" என்று கேட்டால், உதவவே இல்லை என்பவர் எங்கே போவார்? பதில்கள் வர ஆரம்பித்தபின் விருப்பத் தேர்வுகளின் வார்த்தையை மாற்றாதீர்கள், பழையதும் புதியதும் தனித்தனியாக எண்ணப்பட்டுக் கணக்கு குழம்பும். முதலில் மூன்று பேரிடம் கொடுத்து, செல்போனிலேயே நிரப்பச் சொல்லிப் பாருங்கள்.

சரி, பதில்கள் வந்துவிட்டன. பிறகு மாதக்கணக்கில் சத்தமே இருக்காது, அடுத்த சர்வேக்கு ஆள் குறைவது இங்கேதான். இப்போது முடிவைப் பகிரும் தேதியை ஃபார்மிலேயே போட்டுவிடுகிறேன், மறந்தால் யாராவது கேட்பார்கள். முடியாததையும் அந்த அறிக்கையில் காரணத்தோடு எழுதுகிறேன்: "ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றித் தரும் எழுத்துணரி மென்பொருளை மாற்றச் சொன்னீர்கள், அது நம் கையில் இல்லை. பக்கத்தை மாற்றும் முன் முதலில் பார்த்தவருக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்றீர்கள், அது இந்த வாரத்திலிருந்து."