போர்க்கால லாரிகள்: படம் பார்க்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர் என்றாலே டாங்கியையும் விமானத்தையும் பற்றித்தான் பேச்சு. அந்த டாங்கிக்குக் குண்டும் பெட்ரோலும், உள்ளே இருந்தவனுக்கு ரொட்டியும் கொண்டுபோய்ச் சேர்த்த லாரியைப் பற்றி இரண்டு வரி வந்தாலே அதிகம். அந்த இரண்டு வரியும் பல நேரம் தப்பாக இருக்கும். பழைய படங்களைச் சேர்த்துவைத்து ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே சொல்கிறேன். மாடல் செய்கிறவர்களுக்கும் படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில், பெயரை நம்பி ஏமாறுவது. "ஓப்பல் பிளிட்ஸ்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அது 1930 முதல் சாதாரணச் சந்தை லாரிகளுக்கு இருந்த பெயர். ஜெர்மன் ராணுவம் அதிகம் நம்பியது பிராண்டன்பர்க் ஆலையில் செய்த மூன்று டன் வகையை. அதிலும் எஸ் என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ஏ என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும். ரஷ்யச் சேற்றில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு டாங்கி போலச் சங்கிலிப் பட்டை மாட்டிய மவுல்டியர் இன்னொரு வகை. 1944 ஆகஸ்ட் 6 அன்று குண்டுவீச்சில் பிராண்டன்பர்க் ஆலை நாசமானது. அப்புறம் இந்த ஓப்பல் லாரியைச் செய்தது யார் தெரியுமா? மன்ஹைமில் இருந்த டைம்லர்-பென்ஸ் ஆலை. போட்டி நிறுவனத்தின் வண்டியை மெர்சிடிஸ்காரர்கள் செய்தார்கள், போர் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் செய்தார்கள். ஆக, வண்டியின் பெயரையும் செய்தவரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் யு.எஸ்.6 வண்டியிலும் இதே கதை. அதில் 20 ஆயிரத்துக்கு மேல் ரியோ நிறுவனம் செய்து கொடுத்தது.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புது வருஷ மாடல் என்றால் பழையதைவிடத் தேறியிருக்கும் என்று நினைக்கிறோம். போர்க்காலத்தில் பல இடங்களில் நடந்தது நேர் எதிர். சோவியத் நாட்டின் மூன்று டன் லாரி ஜிஸ்-5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முந்தைய வண்டியின் மட்கார்டு பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தது, வளைந்து வழவழவென்று இருக்கும். 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் மாஸ்கோவை நெருங்கியபோது ஆலையைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். அதன்பின் வந்த ஜிஸ்-5வி வண்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மட்கார்டு வெறும் தகட்டை மடக்கிப் பற்றவைத்தது, மூலை மூலையாக நிற்கும். கேபின் மரப்பலகை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள கோடு படத்திலேயே தெரியும். ஹெட்லைட் ஒன்றுதான், டிரைவர் பக்கம். முன்சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. லோடு இறக்க மூன்று பக்கமும் திறந்த பலகையில் இப்போது பின்பலகை மட்டும் திறக்கும். ஒவ்வொன்றும் மிச்சம் பிடித்த தகடு, மிச்சம் பிடித்த மணி நேரம். மாஸ்கோ, உல்யனோவ்ஸ்க், பிறகு 1944 ஜூலையிலிருந்து மியாஸ் என்று மூன்று ஊர்களில் இதைச் செய்தார்கள். மாடல் செய்கிற ஒருவர் வழவழப்பான மட்கார்டோடு வண்டியைச் செய்து "ஸ்டாலின்கிராட், 1942" என்று எழுதினால் அப்படியே தப்பு என்று சொல்ல முடியாது. பழைய வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒற்றை ஹெட்லைட் மர கேபினைச் செய்து "1941 ஜூன்" என்று எழுதினால்தான் தப்பு.

இதே குழப்பம் லடோகா ஏரிப் படங்களிலும் உண்டு. லெனின்கிராட் முற்றுகையில் கிடந்து பட்டினியில் சாகும்போது, 1941 நவம்பர் 22 அன்று உறைந்த ஏரியின் மேல் முதல் லாரி வரிசை போனது. பெரும்பாலும் காஸ்-ஏஏ, ஃபோர்டு உரிமத்தில் செய்த ஒன்றரை டன் வண்டி. பனிக்கட்டி உடைந்தால் குதித்துத் தப்பிக்க டிரைவர்கள் அந்தக் குளிரிலும் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள். கதவு இல்லாமல் கேன்வாஸ் துணி தொங்கும் சிக்கன மாடல் 1942இன் வண்டி. அதைக் கொண்டுபோய் முதல் குளிர்காலத்து ஏரியில் நிறுத்திவிடாதீர்கள். திறந்த கதவு வேறு, இல்லாத கதவு வேறு.

சக்கர எண்ணிக்கைக்கு வருவோம். நம் ஊரில் லாரியைப் பத்து டயர், பன்னிரண்டு டயர் என்று டயரை எண்ணித்தான் சொல்வோம். ராணுவக் கணக்கு அப்படி இல்லை. அமெரிக்க ராணுவத்தின் ஜி.எம்.சி. சிசிகேடபிள்யூ லாரிக்குத் தரையில் பத்து டயர் உண்டு, ஆனால் அது 6x6. பின்னால் ஜோடியாக இருக்கும் இரண்டு டயரையும் ஒரு சக்கரமாக எண்ண வேண்டும்: மொத்தம் ஆறு சக்கரம், ஆறுக்கும் எஞ்சின் இழுவை. 6x4 என்றால் முன்சக்கரம் இழுக்காது. ஸ்டூடிபேக்கரில் இரண்டு வகையும் வந்தன. வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும், முன் ஆக்சிலின் நடுவில் கியர் இருக்கும் குண்டு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் பிடிபடும். ஜி.எம்.சி.யிலும் ஆக்சிலைப் பார்ப்பது நல்லது. சில வண்டிகளுக்கு ஆக்சில் டிம்கன் நிறுவனத்துடையது, இரண்டு பாதியாகப் போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும், மற்றதற்கு ஜி.எம்.மின் சொந்த ஆக்சில், உருண்டை மூடியோடு இருக்கும். ஒன்றின் பாகம் மற்றதற்குச் சேராது.

டன் கணக்கும் இப்படித்தான். "இரண்டரை டன் லாரி" என்பது வண்டியின் எடை இல்லை, ஏற்றும் சுமை. அதுவும் சாலை இல்லாத இடத்தில் ஏற்றக்கூடிய சுமை. அமெரிக்க டன் 2,000 பவுண்டு என்பதால் கிலோவில் சுமார் 2,270தான் வரும். நல்ல ரோட்டில் இதைவிட நிறைய ஏற்றினார்கள். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் அமெரிக்கப் படைக்குச் சரக்கு கொண்டுபோன ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரி அணியின் வண்டிகள் பல, குறித்த அளவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சுமந்தன. அந்த டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்பதையும் பல கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. விடக்கூடாது.

கனடாவில் செய்த சி.எம்.பி. (கனேடிய ராணுவ வகை) லாரிகளின் பெயரிலேயே விவரம் இருக்கிறது. சி என்றால் செவர்லே, எஃப் என்றால் ஃபோர்டு. 15, 60 என்பவை ஹண்ட்ரட்வெயிட் (டன்னில் இருபதில் ஒரு பங்கு) கணக்கில் சுமை; 60 என்றால் மூன்று டன். எல் நீளச் சேசிஸ், எஸ் குட்டை. சி15க்கும் சி15ஏவுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஏ இருந்தால் நான்கு சக்கர இழுவை. நான்கு லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. இந்தியப் படைகளும் வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் இதை ஓட்டின. கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சேசிஸ் மேல் இந்தியாவிலேயே கவச பாடி கட்டினார்கள். கரூரிலும் நாமக்கல்லிலும் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: சேசிஸ் ஓரிடம், பாடி இன்னோரிடம். எனவே சேசிஸைச் செய்த நாட்டை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். சி.எம்.பி. லாரியின் முன்கண்ணாடி மேலே வெளியே சாய்ந்து, கீழே உள்ளே போயிருந்தால் அது 13ஆம் எண் கேபின். வெயில் பட்டுப் பளபளத்து வானத்திலிருந்து காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தச் சாய்வு.

உற்பத்தி எண்களை ஒப்பிடும்போது எதை எண்ணினார்கள் என்று கேளுங்கள். ஜி.எம்.சி. வண்டி 5.6 லட்சத்துக்கு மேல் என்பார்கள். தண்ணீரில் நீந்தும் டக் வண்டியும் அதே உறுப்புகளில் செய்ததுதான், சுமார் 21 ஆயிரம். ஒருவர் அதைச் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார்.

தேதியும் முக்கியம். அமெரிக்கா சோவியத்துக்குக் கொடுத்த ஸ்டூடிபேக்கர்தான் ஸ்டாலின்கிராடை வென்றது என்று எழுதுகிறார்கள். 1943 தொடக்கத்தில்கூட சோவியத்தின் செஞ்சேனை வண்டிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவை ஏறக்குறைய 5 சதவீதம்தான். பெர்லின் விழும்போதுதான் மூன்றில் ஒரு பங்கு. லாரி மேல் ஏற்றிச் சுடும் சோவியத் கத்யூஷா ராக்கெட்டும் அப்படியே: 1941 ஜூலை 14 அன்று ஓர்ஷாவில் முதல் முறை சுட்டது சோவியத் ஜிஸ்-6 மேலிருந்து, ஸ்டூடிபேக்கர் மேல் ஏறியது 1943இல். நினைவுச் சின்னமாக நிற்கும் சில கத்யூஷாக்கள் ஜில்-157 மேல் இருக்கின்றன. அது 1958இல் வந்த வண்டி. நானும் அப்படி ஒரு படத்துக்குப் போர்க்காலம் என்று குறிப்பு எழுதிவிட்டுப் பிறகு திருத்தினேன்.

ஜப்பானிய ராணுவத்தின் ஆறு சக்கர வகை 94 லாரியில் 94 என்பது அவர்களின் பேரரசு ஆண்டு 2594இன் கடைசி இரண்டு இலக்கம், அதாவது 1934. அவ்வளவுதான்.

கடைசியாக, ராணுவம் எது, சிவிலியன் எது என்ற குழப்பம். மூக்கு சப்பையாக இருந்தால் ராணுவ வண்டி என்று முடிவு கட்டாதீர்கள். பிரிட்டனின் பெட்போர்டு, சாதாரண மக்களுக்குக் கொடுத்த ஓ.டபிள்யூ. வரிசைக்கும் ராணுவ ஓ.ஒய். லாரியின் அதே சப்பை மூக்கைத்தான் வைத்தது. ஓ.டபிள்யூ.பி. பஸ்ஸில் 32 இருக்கை. மெத்தை கிடையாது, மரச்சட்டம் அடித்த பெஞ்சு. வேலைக்குப் போகிறவர்கள் அதில்தான் போனார்கள். கேபினுக்குப் பின்னால் கொதிகலன் போல ஒரு பீப்பாய் நின்றால் அது சமையல் வண்டியும் இல்லை, நீராவி வண்டியும் இல்லை. கரியையோ விறகையோ குறைந்த காற்றில் எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டும் உலை. ஜெர்மனியிலும் சோவியத்திலும் இருந்தது, பெட்ரோல் ரேஷன் வந்தபோது சென்னை மாகாணத்துப் பஸ்களிலும் இருந்தது. கரி பஸ் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கலாம். வீட்டில் அந்தக் காலத்துப் படம் ஏதாவது இருந்தால் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள், பீப்பாய் தெரியும்.