தவக்காலத்தின் ஐந்து புதன்கிழமைகளில் வேதகலாபனையைப் படிப்பது எப்படி

உரோமைப் பேரரசு ஆதிக் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியதைத்தான் வேதகலாபனை என்கிறோம். அவர்கள் பட்ட பாட்டை அன்பியத்தில், அதாவது பங்கின் சிறு குழுவில், பேச எடுத்தால் பத்து நிமிடத்தில் பேச்சு அரங்கத்துச் சிங்கத்துக்குப் போய்விடும். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். அந்த 250 ஆண்டுகளில் திருச்சபையை உலுக்கிய கேள்வி சிங்கம் அல்ல. பயந்து பின்வாங்கியவரை மறுபடி சேர்த்துக்கொள்வதா, கூடாதா என்பதுதான். அதை நோக்கி வகுப்பைக் கொண்டுபோவதற்கான வழி இது.

நாள்: தவக்காலத்தில் வெள்ளி சிலுவைப்பாதைக்குப் போய்விடும். விபூதிப் புதனை விட்டு, அடுத்த புதனிலிருந்து புனித வாரத்துக்கு முந்திய புதன் வரை எண்ணினால் சரியாக ஐந்து மாலைகள். டெல்டாவில் அப்போது சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். பயறு பறிக்கிறவர்கள் விடியுமுன் கிளம்புகிறவர்கள். எனவே மாலை 7-க்குத் தொடங்கி 8.15-க்கு முடித்துவிடுங்கள். 12 முதல் 15 பேர் போதும். 20-ஐத் தாண்டினால் நாலு பேர்தான் பேசுவார்கள். படிக்கும் தாளை 16 புள்ளி எழுத்தில் அச்சடித்து இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் வாய்விட்டே வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாத மூத்தவர்கள் அப்போதுதான் சமமாக உட்கார்ந்திருக்க முடியும்.

முதல் புதனுக்கு இரண்டரை மீட்டர் கயிறு வேண்டும், துணி காயப்போடுகிற கொடிக்கயிறே போதும். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு முனை 64: உரோமை நகரம் எரிந்ததும் பேரரசர் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்ட ஆண்டு. மறுமுனை 313: பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்த ஆண்டு. பேரரசு முழுவதும் நடந்த கலாபனைகளுக்குச் சிவப்புத் துணி சுற்றுங்கள்: பேரரசர்கள் டேசியுஸ் காலம் 250-251, வலேரியன் காலம் 257-260, டயோக்ளேஷியனும் அவர் வழிவந்தவர்களும் 303-313. ஓர் ஊரில் மட்டும் நடந்தவற்றுக்கு முடிச்சு போதும்: 64 உரோமை, 177 லியோன், 180-லும் 203-லும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ். ஸ்மிர்னாவின் ஆயர் போலிக்கார்ப்புக்கு 155-ஐ ஒட்டி ஒரு முடிச்சு.

சிவப்பு 15 சென்டிமீட்டர்கூட வராது. 260-க்கும் 303-க்கும் நடுவே 43 சென்டிமீட்டர் பெரும்பாலும் வெறும் கயிறு. "முந்நூறு வருஷம் விடாமல் வெட்டினார்கள்" என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றம் நல்லது. செத்தவர்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அவர்களைப் பற்றி மிகைப்படுத்தாமல் பேசுவதுதான். சுரங்கக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற கதையையும் அன்றே முடித்துவிடுங்கள். அவை இறந்தவர்களைப் புதைத்த இடங்கள்.

இரண்டாம் புதன் ஆளுநர் பிளினியும் பேரரசர் டிராஜனும் எழுதிக்கொண்ட கடிதங்கள், 112 வாக்கில். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடி, திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, நம்பிக் கொடுத்ததை இல்லை என்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள் என்கிறார் பிளினி. விவரம் பிடுங்க இரண்டு அடிமைப் பெண்களை, சபைப் பணியாளர்களை, வதைத்ததையும் கூசாமல் எழுதுகிறார். டிராஜனின் பதில்: தேடிப் பிடிக்காதே, குற்றம் உறுதியானால் தண்டி, மறுத்துத் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு, பெயரில்லாத புகாரை ஏற்காதே. இந்தக் கடைசி வரியில் நிறுத்தி வாட்ஸ்அப்பைப் பேசுங்கள். எங்கோ கோவிலை எரித்ததாக வரும் காணொளியில் ஊர், தேதி, சொன்னவர் பெயர் மூன்றும் இல்லையென்றால் யாருக்கும் அனுப்புவதில்லை என்று குழுவாகவே முடிவெடுக்கலாம். யாராவது தனக்கு நேர்ந்த உண்மையான தொல்லையைச் சொன்னால் அதை ஜெபக் கருத்தோடு விட்டுவிடக் கூடாது. தேதி, இடம், பார்த்தவர்கள் எல்லாவற்றையும் அன்றே தாளில் எழுதி, பங்குத்தந்தையோடு ஒரு வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

அன்றைக்கே வரக்கூடிய இன்னொரு பிசகு, நீரோவின் இடத்தில் பக்கத்துத் தெருக்காரரை வைத்துப் பேசுவது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று நினைவூட்டினால் போதும். அன்று கொன்றது அரசாணையும் ஊரார் பயமும் சேர்ந்து. எந்த மதத்தின் பெயரிலும் அது நடக்கலாம், கிறிஸ்தவ அரசுகளே பின்னாளில் அதைச் செய்திருக்கின்றன.

மூன்றாம் புதன் இரண்டு வாசிப்பு. முதலாவது, 180-இல் கார்த்தேஜில் நடந்த சில்லி ஊர்க் கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு பேரின் விசாரணை. கேள்வியும் பதிலுமாக இருப்பதால் நாடகம் போல ஆள் பிரித்து வாசிக்கலாம், பத்து நிமிடத்துக்குள் முடியும். ஆளுநருக்குக் கத்தாத குரலுள்ள ஒருவரைப் போடுங்கள். உண்மையில் அவர் அமைதியாகத்தான் பேசுகிறார், யோசித்துக்கொள்ள 30 நாள் தவணைகூடக் கொடுக்கிறார். பெட்டியில் என்ன என்று கேட்கிறார். நீதிமான் பவுலின் கடிதங்களும் நூல்களும் என்கிறார் அவர்களில் ஒருவரான ஸ்பெராத்துஸ். பன்னிரண்டு பேருக்கும் தலைவெட்டு.

இரண்டாவது, 203-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா என்ற பெண் சிறையில் தன் கையாலே எழுதியது. வயது 22 வாக்கில், நல்ல குடும்பம், பால் குடிக்கும் பிள்ளை. கூட இருந்த பெலிசித்தா அடிமைப்பெண், எட்டாம் மாதத்தில் சிறையிலேயே பிரசவம். (பெலிசித்தா பெர்பெத்துவா வீட்டு வேலைக்காரி என்று பலர் சொல்வார்கள், மூலத்தில் அப்படி இல்லை.) அரங்கத்தில் இருவரையும் மாடு முட்டித் தள்ளுகிறது. எழுந்த பெர்பெத்துவா, விரிந்த தலைமுடி துக்கத்தின் அடையாளம் என்பதால் ஊசி கேட்டு அதை முடிந்துகொள்கிறார். அடிபட்டுக் கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்குகிறார். இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். இதைக் கண்ணாலே பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே அவசரப்படாதீர்கள், 20 நிமிடம் இதற்கே கொடுங்கள். சீமாட்டியும் அடிமையும் ஒரே மண்ணில் கைபிடித்து நின்றதைக் கொண்டாடும் நாம், தெருவுக்கொரு கல்லறை, தெருவுக்கொரு தேர்ப்பாதை என்று இன்னும் வைத்திருக்கிறோமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். மௌனம் நீண்டாலும் பாட்டு ஆரம்பித்து அதை மூட வேண்டாம்.

நான்காம் புதன்தான் வகுப்பின் நடு. 250-இல் டேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் அந்தப் பாப்பிரஸ் தாள்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றை அப்படியே படியெடுத்துக் கையில் கொடுங்கள்: சத்தாபூஸ் மகன் அவுரேலியுஸ் தியோகேனேஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், உண்டேன், சான்றொப்பம் இட வேண்டுகிறேன். இவர் கிறிஸ்தவர் என்பதற்கு அடையாளம் இல்லை, இந்தச் சான்று எல்லாரும் வாங்க வேண்டியதாக இருந்தது.

கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கினார்கள். ஆயர் சிப்ரியான் கார்த்தேஜை விட்டு ஒளிந்துகொண்டார், அதற்கு ஏச்சும் வாங்கினார். மத்தேயு 10:23-ஐ இங்கே வாசியுங்கள்: ஒரு நகரில் துன்புறுத்தினால் மறு நகருக்கு ஓடச் சொன்னவர் ஆண்டவரே. 251-இல் கூடிய ஆயர்கள், தாள் மட்டும் வாங்கியவரை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்தார்கள். பலியிட்டவருக்கு நீண்ட தவம், சாகும் தறுவாயில் நற்கருணை. அடுத்த கலாபனை வரும் என்று தெரிந்ததும் அவர்களையும் சேர்த்தார்கள், பலமில்லாதவர்களை வெறுங்கையோடு போருக்கு அனுப்பக் கூடாது என்பதற்காக. ஒளிந்த அதே சிப்ரியான் 258 செப்டம்பர் 14-இல் தலை கொடுத்தார்.

இந்த மாலையில் அறையில் சிலர் தலை குனிவார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே. பறையரோ பள்ளரோ கிறிஸ்தவரானால் அது போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற வேண்டும். அதனால் பள்ளியில் ஒரு பெயரும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் நம் நடுவே உண்டு. டேசியுஸின் தாளும் இந்தச் சாதிச் சான்றிதழும் ஒன்று என்று சொல்லாதீர்கள். அங்கே உயிருக்குப் பயம், இங்கே பிள்ளையின் படிப்பும் வேலையும். யாரிடமும் "உங்கள் சான்றிதழில் என்ன?" என்று கேட்கவே கூடாது, தெரிந்த பெயரை உதாரணமாகவும் இழுக்கக் கூடாது. 251-இன் ஆயர்கள் தாளைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல் ஆளைப் பார்த்து விசாரித்தார்கள் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். யாராவது தனியாகப் பேச வந்தால் உட்கார்ந்து கேளுங்கள், புத்தி சொல்லாதீர்கள்.

ஐந்தாம் புதனுக்கு 303 மே மாதம், டயோக்ளேஷியன் கலாபனையில் வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரக் கோவிலில் நடந்த சோதனை. அதிகாரிகள் எழுதிய பட்டியல் இருக்கிறது: தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, பெண்கள் காலணி 47 சோடி. ஏழைகளுக்காகச் சேர்த்து வைத்த துணி என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். வெற்றுத் தாளைக் கொடுத்து, நம் கோவில் அலமாரியை இன்று சோதித்தால் என்னென்ன எழுதுவார்கள் என்று இரண்டிரண்டு பேராக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களைச் சேர்த்துப் பங்குப் பேரவைக்குக் கொடுங்கள். துணி அலமாரி ஒன்று வைப்பதானால் அதற்குப் பொறுப்பாளர் பெயரும் திறக்கும் நாளும் அன்றே முடிவாகட்டும், இல்லாவிட்டால் உயிர்ப்பு விழா வேலையில் அது அடிபட்டுப் போகும்.