மயங்கிக் கிடக்கும் மீனிடம் நாம் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விலங்கியலோ கடல் உயிரியலோ படிக்கும் மாணவருக்கு ஆய்வுக்கான மீன் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. மணக்குடிக் காயலோரம் போனால் கரிமீனும் மடவையும் கிடைக்கும். உள்நாட்டுக் குளங்களில் சிலேபியும் விராலும் உண்டு. மீனை மயக்கும் மருந்தும் இந்த மண்ணிலேயே விளைகிறது. புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு மாறாமலை போன்ற மலைத் தோட்டங்களில் இருந்து வருகிறது. அந்தக் கிராம்பின் எண்ணெயில் உள்ள யூஜினால் என்னும் பொருளைத்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் மீனை மயக்கப் பயன்படுத்துகின்றன. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, இரண்டையும் கண்ணளவில் கையாளும் பழக்கம் மாணவர்களிடம் எளிதில் படிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் அவர்களோடு ஆய்வுக்கூடத்தில் நின்றதில் மீண்டும் மீண்டும் கண்ட தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேராக இருப்பது, மீனுக்கு வலிக்காது என்ற நம்பிக்கை. மீன் கத்துவதில்லை, முகம் சுளிப்பதில்லை என்பதைத் தவிர இந்த நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் கிடையாது. 2003-இல் உயிரியல் ஆய்வாளர் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில், தீங்கு தரும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடிக்கற்களில் தேய்த்தன, இரை எடுக்க நெடுநேரம் தாமதித்தன. நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதரைத் தவிர்த்த எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. அறுவை சார்ந்த சோதனைகளை, வலி தெரியாதபடி போதிய மயக்கம் கொடுத்து, இயன்றவரை அந்த மயக்கத்திலேயே நடத்த வேண்டும் என்பதும் அதன் 17-ஆம் பிரிவில் உள்ளது. எலிக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயம் என்று அந்த வரையறை பிரித்துப் பேசவில்லை.

அடுத்த தவறுதான் அதிகம் நடப்பது. அசையாமல் கிடக்கும் மீனை உணர்வற்ற மீன் என்று எடுத்துக்கொள்வது. ஒருமுறை ஒரு மாணவர் மரபணுச் சோதனைக்காகக் கரிமீனின் வால்துடுப்பு நுனியில் சிறு துண்டு வெட்ட வேண்டியிருந்தது. மருந்துத் தொட்டியில் விட்ட ஒன்றரை நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. சாய்ந்ததும் எடுத்து ஈரத்துணியில் கிடத்திக் கத்தரிக்கோலை வைத்தார். கத்தரி பட்ட கணத்தில் மீன் உடலை முழுதாக வளைத்துத் துள்ளியது. வெட்டு துடுப்போடு நிற்காமல் வாலடி வரை போனது. அவர் கண்டது மயக்கத்தின் முற்பகுதி மட்டுமே. முதலில் மீன் மந்தமாகும், பிறகு நிலைதடுமாறிச் சாயும், அதற்கும் பிறகுதான் தொடுதலுக்கும் அழுத்தத்துக்கும் பதில் தராத நிலை வரும். அந்த நிலை வந்துவிட்டதா என்பதை அறிய, வாலடியை இரு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உடலைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்க்கும்போது கண் உருண்டு நிலைகொள்ள முயல்கிறதா என்று கவனிக்க வேண்டும். செவுள்மூடி திறந்து மூடும் எண்ணிக்கையை நிமிடக் கணக்கில் எண்ண வேண்டும். அசைவு சீராகவும் மெதுவாகவும் இருந்து, அழுத்தத்துக்குப் பதில் இல்லாதபோதுதான் கத்தரியைத் தொடலாம். செவுள் அசைவே நின்றுவிட்டால் நாம் எல்லையைக் கடந்துவிட்டோம், அடுத்தது இதயம்தான். மூன்று நிமிடத்துக்குள் மயங்க வேண்டும், நல்ல நீரில் விட்ட ஐந்து நிமிடத்துக்குள் தெளிய வேண்டும் என்பது மீன் மயக்க மருந்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். கடிகாரம் இல்லாத மேசையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி.

கிராம்பு எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய சிறு குப்பியைத் திறந்து, மீன் நீந்தும் வாளியில் நாலைந்து சொட்டு விட்டுக் குச்சியால் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். கிராம்பு எண்ணெய் நீரில் எளிதில் கரையாது. கலக்கிய சற்று நேரத்தில் அது சீராகப் பரவாமல் துளித் துளியாகத் திரண்டு ஆங்காங்கே தேங்கும். விலகி நிற்கும் மீனுக்கு மருந்தே எட்டாது, துளிகளின் நடுவே வாய் திறக்கும் மீனின் செவுளில் செறிவான எண்ணெய் நேராகப் படியும். ஒரே வாளியில் ஒரு மீன் துள்ளிக்கொண்டும் இன்னொரு மீன் செத்துக்கொண்டும் இருப்பதற்கு இதுவே காரணம். சொட்டுக் கணக்கும் ஏமாற்றும். ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 20 முதல் 30 சொட்டு இருக்கும் என்றால், ஒரு சொட்டின் எடை 35 முதல் 50 மில்லிகிராம் வரும். பல மீன்களுக்கு லிட்டருக்கு 40 முதல் 60 மில்லிகிராமே போதும் என்னும்போது, ஒரு லிட்டர் நீரில் ஒரு சொட்டு கூடினாலே அளவு இரட்டிப்பாகிவிடும். ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு எத்தனாலில் முன்கூட்டியே கரைத்து வைத்து, அதிலிருந்து லிட்டருக்கு அரை மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் எடுத்தால் சுமார் 50 மில்லிகிராம் கிடைக்கும். இந்த அளவும் தொடக்கப் புள்ளிதான். இனத்தையும் உடல் அளவையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்து மாறும் என்பதால், முதலில் ஒரே ஒரு மீனில் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். இலையில் வடித்த எண்ணெயிலும் மொட்டில் வடித்த எண்ணெயிலும் யூஜினாலின் விகிதம் ஒன்றல்ல. புதுக் குப்பி திறக்கும் ஒவ்வொரு முறையும் அளவை மறுபடி சரிபார்ப்பதை வீண் வேலை என்று நினைக்கக் கூடாது.

எம்.எஸ். 222 என்ற பெயரில் வரும் ட்ரைக்கேன் என்னும் மயக்க மருந்து நீரில் நன்றாகக் கரையும். ஆனால் கரைந்ததும் நீரை அமிலமாக்கிவிடும். கடல்நீருக்கு இந்த மாற்றத்தைத் தாங்கும் சக்தி இயல்பாகவே உண்டு. உப்புச் சத்து குறைந்த மென்னீருக்கு அது கிடையாது. மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீரில் இதைக் கவனிக்காமல் கலக்கினால், மீனைப் பொறுத்தவரை மயக்கம் வருவதற்கு முன் எரிச்சல் வந்து சேரும். மருந்தின் எடைக்குச் சமமாகவோ இரண்டு மடங்காகவோ சோடியம் பைகார்பனேட் சேர்த்து, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கும் 7.5-க்கும் இடையில் நிற்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்த சூட்டோடு பயன்படுத்துவது வேறொரு தவறு. குடிநீரில் கலக்கும் குளோரின் செவுளைப் புண்ணாக்கும். மீன் ஏற்கனவே வாழ்ந்த தொட்டியின் நீரையே மருந்துக் கரைசலுக்கும் தெளிய வைக்கும் தொட்டிக்கும் எடுத்துக்கொண்டால் வெப்பம், உப்பு, பி.எச். என்ற மூன்று கவலையும் ஒருசேரத் தீரும்.

கரைசலை முழுமையாகத் தயாரித்த பிறகே மீனை அதில் விட வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து கலந்த நீரும் கலக்காத நீரும் அருகருகே ஓடும்படி செய்து ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சிறு மீன்களான வரிக்குதிரை மீன்களை விட்டபோது, ட்ரைக்கேன் உள்ளிட்ட பெரும்பாலான மருந்துகளை அவை தவிர்த்து ஒதுங்கின. எட்டோமிடேட் என்ற மருந்தை அவ்வாறு தவிர்க்கவில்லை. மருந்தே மீனுக்குப் பிடிக்காத ஒன்றாக இருக்கும்போது, அதைச் சிறிது சிறிதாக ஊற்றி அந்த நேரத்தை நீட்டுவது எந்த வகையிலும் கருணையாகாது.

வெப்பம் பற்றி நம் ஊரில் கூடுதல் கவனம் தேவை. 20 பாகைச் செல்சியசில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 28 பாகையில் அது 8-க்கும் கீழே வந்துவிடும். அதே வெப்பத்தில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடும், மருந்தும் விரைவில் பிடிக்கும். குளிர்நாட்டு டிரவுட்டுக்கு எழுதிய அட்டவணையை அப்படியே எடுத்து, மே மாத மதியம் சிலேபியிடம் காட்டினால் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்துத் தொட்டியிலும் காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல் ஓட வேண்டும். 12 முதல் 24 மணி நேரம் முன்பே இரையை நிறுத்தாவிட்டால், மயக்கத்தில் கக்கிய இரை செவுளில் சிக்கிக்கொள்ளும்.

விராலை இந்தக் கணக்குகளுக்குள் அடக்க முடியாது. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். செவுள் அசைவைக் கொண்டு மட்டும் அதன் மயக்கத்தின் ஆழத்தை மதிப்பிட்டால் தவறிவிடுவோம். தெளியும் வேளையில் நீர் ஆழமாக இருந்து மேற்பரப்பை எட்ட முடியாமல் போனால், மீன் நீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். தெளிய வைக்கும் தொட்டியில் முதுகு மூழ்கும் அளவுக்கு நீர் இருந்தால் போதும்.

பனிக்கட்டி நீரில் போட்டால் அடங்கிவிடும், மருந்து எதற்கு என்ற கேள்வி மீன் ஏலக்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களிடமிருந்து அடிக்கடி வரும். குளிர் மீனை அசைய விடாது. வலியை நிறுத்துகிறது என்று கொள்ள முடியாது. வரிக்குதிரை மீன் போன்ற மிகச் சிறிய வெப்பமண்டல மீன்களை 2 முதல் 4 பாகைக் குளிர்நீரில் உடனடியாகக் கொல்வது ஏற்கப்பட்ட முறைகளில் ஒன்று என்பது உண்மை. அதைக் காட்டி, கையளவு கரிமீனைப் பனிக்கட்டியில் கிடத்தி அறுவை செய்ய யாருக்கும் உரிமை வந்துவிடாது.

மயங்கிய மீனை உலர்ந்த கையால் தூக்கினால் உடலின் வழவழப்புப் படலம் உரிந்துவிடும். கையும் துணியும் நனைந்திருக்க வேண்டும். வேலை நீண்டால், மருந்து கலந்த நீரை மெல்லிய குழாய் வழியாக வாய்க்குள் விட்டு அது செவுள் வழியே வெளியேறும்படி செய்ய வேண்டும். தெளிய வைக்கும்போது சிலர் வாலைப் பிடித்து மீனை முன்னும் பின்னும் இழுப்பார்கள். பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளின் பின்புறமாகப் புகுந்து மென்மையான இழைகளைச் சேதப்படுத்தும். ஆகவே மீனை முன்னோக்கி மட்டுமே நகர்த்த வேண்டும், அல்லது காற்றுக்கல்லின் அருகே நீரோட்டத்தை நோக்கி நிறுத்தி வைக்க வேண்டும். முழுதாகத் தெளியாத மீனைப் பழைய தொட்டியில் விட்டால் மற்ற மீன்கள் அதன் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். மயக்கம் தெளிந்ததும் வெட்டுக்காயத்தின் வலி தொடங்கும் என்பதால், பெரிய அறுவைக்கு வலி நீக்கும் மருந்தையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

கொல்ல வேண்டிய மீனுக்கு மருந்தின் அளவைக் கூட்டுவதோடு வேலை முடிவதில்லை. செவுள் நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் கரைசலிலேயே விட்டு, அதன்பின் மூளையையோ தண்டுவடத்தையோ சிதைத்துச் சாவை உறுதிசெய்ய வேண்டும்; நல்ல நீரில் போட்டால் பிழைத்தெழும் மீனைக் குப்பைக்கூடையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த மீன் குழம்புக்கும் போகக் கூடாது. ட்ரைக்கேன் பட்டு உயிரோடு தப்பிய மீனையே 21 நாள் கழியாமல் உண்ணக் கூடாது என்பது அமெரிக்க விதி. மிஞ்சிய கரைசலைப் பழையாற்றிலோ அருகிலுள்ள குளத்திலோ கொட்டவும் கூடாது.

கடைசியாக, குறிப்பேடு. மருந்தின் பெயர், அளவு, நீரின் வெப்பம், சாய்ந்த நேரம், தெளிந்த நேரம் ஆகியவற்றை எழுதுபவர்கள்கூட மறுநாள் காலையில் தொட்டியில் மிதக்கும் மீனை எழுதுவதில்லை; கேட்டால், இயற்கையாகச் செத்தது என்பார்கள். முந்தைய நாள் மருந்துத் தொட்டியில் இருந்த மீன் 24 மணி நேரத்துக்குள் செத்தால், அந்த இறப்பை மருந்துக் கணக்கில்தான் எழுத வேண்டும்.