கோலா மீன் படத்தின் நடுமடிப்பு

ஜப்பானிய ஓவியர் உதகாவா ஹிரோஷிகே 1830களில் வரைந்த மீன் வரிசையிலிருந்து, பறவைக்கோலா உள்ள மர அச்சுப்படம் ஒன்றை வாங்கியபோது, அதன் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய கோட்டைக் கண்டு, யாரோ மடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்றே எண்ணினேன். ஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான அகராதிகளை அடுக்கி நான்கு நாள் காத்திருந்தும் கோடு இம்மியும் மறையவில்லை. ஈரப்படுத்தும் யோசனையை நல்லவேளையாகக் கைவிட்டேன். பழைய ஜப்பானிய அச்சு வண்ணங்களில் சில, நீர் பட்டால் கசியும்.

மீனருகே பொடி எழுத்தில் இருந்த வரிகளைப் பிறகுதான் கவனித்தேன். அவை கியோகா என்னும் நகைச்சுவைக் குறுங்கவிதைகள். இந்த வரிசை முதலில் ஒரு கவிஞர் குழுவுக்காகத் தொகுப்பேடாக அச்சிடப்பட்டது. ஏட்டில் மடித்துச் சேர்த்ததன் தடமே அந்தக் கோடு. அருங்காட்சியகப் பிரதியின் படத்திலும் அதே இடத்தில் மடிப்பு இருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாயிற்று. மடிப்பை மறைக்காமலே சட்டமிட்டுவிட்டேன்.